பூங்காக் கச்சேரியில் எங்கே அமர்ந்தால் இசை நன்றாகக் கேட்கும்?

கேள்வி: கோடைக்காலத்தில் நகரப் பூங்காவில் இலவசமாக நடைபெற்ற ஜாஸ், ஃபங்க் கச்சேரிக்குக் கடந்த ஆண்டு முன்கூட்டியே போய், மேடைக்கு நேர் முன்னால் இடம் பிடித்தோம். டிரம்ஸும் பேஸ் கிட்டாரும் நெஞ்சை இடித்தனவே தவிர, பாடகரின் குரலும் சாக்ஸஃபோனும் தெளிவாகக் கேட்கவில்லை. மறுநாள் வரை காதில் ரீங்காரம் இருந்தது. இவ்வாண்டு, செவிக்கருவி அணியும் என் தந்தையையும் நான்கு வயது மகளையும் அழைத்துச் செல்ல விரும்புகிறேன். எங்கே அமர்வது?

பதில்: திறந்தவெளிக் கச்சேரியில் முதன்மை ஒலிபெருக்கிகள் பெரும்பாலும் மேடையின் இருபுறமும் உயரத்தில் தொங்கவிடப்பட்டு, கூட்டத்தின் நடுப்பகுதியை நோக்கியே திருப்பப்பட்டிருக்கும். குரலும் ஊதுகருவிகளும் அவற்றின் வழியே வருவதால், முன்வரிசையில் இருப்பவரின் தலைக்கு மேலாகக் கடந்துவிடுகின்றன. அவருக்கு மிஞ்சுவது டிரம்ஸின் நேரடி அடியும் தரையில் வைத்த சப்வூஃபர்களின், அதாவது தாழ்சுர ஒலிபெருக்கிகளின், அதிர்வும்தான். சென்ற ஆண்டு உங்களுக்கு நேர்ந்தது இதுவே என்று நினைக்கிறேன்.

எனவே, மைதானத்தின் நடுவே கூடாரத்துக்குள் இருக்கும் ஒலிக்கலவை மேசையை முதலில் தேடுங்கள். ஒலிப்பொறியாளர் தமது காதுக்குக் கேட்பதை வைத்தே ஒவ்வொரு கருவியின் அளவையும் கூட்டிக் குறைப்பதால், அதன் பக்கவாட்டில் அமர்பவருக்கு ஏறக்குறைய அவர் கேட்கும் இசையே கிடைக்கும். கூடாரத்துக்கு நேர் பின்னால் அமர வேண்டாம். அது ஒலியை மறைக்கும். மேடையின் மையக்கோட்டிலிருந்து சற்று விலகியிருப்பதும் நல்லது. சப்வூஃபர்கள் இருபுறமும் அடுக்கப்பட்டிருந்தால் இரண்டின் அதிர்வும் அக்கோட்டில் ஒன்றுசேர்ந்து வலுப்பெறும். அதற்காக வெகுதூரம் பின்வாங்கிவிடாதீர்கள். தாழ்சுரத் துடிப்பு இல்லாத ஃபங்க், தாளம் இல்லாத கும்மிபோல் ஆகிவிடும். உயர்சுரங்களை முன்னிருப்போரின் உடல்கள் மறைக்கும் என்பதால், சற்றே சரிவான புல்வெளி கிடைத்தால் அதையே தேர்ந்தெடுங்கள். கூட்டத்தின் நடுவே துணை ஒலிபெருக்கிக் கோபுரங்கள் இருந்தால், அவற்றின் அடியிலும் அமரக் கூடாது.

பகலில் சூடேறிய தரை ஒலியை மேல்நோக்கி வளைக்கிறது. பொழுது சாய்ந்து தரை குளிர்ந்ததும் ஒலி கீழ்நோக்கி வளைவதால், மாலையில் அமைதியாகத் தோன்றிய தொலைவான இடத்திலும் இரவில் சத்தம் கூடலாம். காற்று மேடையிலிருந்து உங்களை நோக்கி வீசினாலும் அப்படியே. இருக்கை எண் இல்லாத இலவசக் கச்சேரியில் எழுந்து இடம் மாற முடியும் என்பதை மறக்க வேண்டாம்.

காதுப் பாதுகாப்பைப் பொறுத்தவரை, தொழிலிடங்களுக்காக அமெரிக்காவில் பரிந்துரைக்கப்பட்ட கணக்கு ஒன்று உதவும்: 85 டெசிபெல் சத்தத்தில் 8 மணி நேரம் வரை இருக்கலாம், பின்னர் ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் நேரம் பாதியாகும், ஆகவே 100 டெசிபெல்லில் கிடைப்பது 15 நிமிடம் மட்டுமே. இது வயது வந்தோருக்கானது. குழந்தைக்கு இன்னும் கண்டிப்பாக இருக்க வேண்டும். மகளுக்கு, குழந்தைகளுக்கென்றே செய்யப்பட்ட, காதை முழுவதும் மூடும் காப்பு வாங்குங்கள். நுரைப்பஞ்சு அடைப்பான்கள் சிறு காதில் சரியாகப் பொருந்தா, வாயில் போட்டுக்கொள்ளும் அபாயமும் உண்டு. உங்களுக்கும் நுரைப்பஞ்சைவிட, இசைக் கலைஞர்கள் பயன்படுத்தும் வடிகட்டி அடைப்பான் மேலானது. அது எல்லாச் சுரங்களையும் ஏறத்தாழ ஒரே அளவில் தணிப்பதால் இசை மங்காது.

தந்தையின் செவிக்கருவி பேச்சுக்காக அமைக்கப்பட்டிருக்கும். சாக்ஸஃபோனின் நீண்ட சுரத்தை, கருவி தானே எழுப்பும் கீச்சொலி என்று எண்ணி அது அடக்க முயலலாம். இசைக்கான தனி அமைப்பைச் சேர்த்துத் தருமாறு செவித்திறன் நிபுணரிடம் முன்னரே கேளுங்கள்.

கை எட்டும் தூரத்தில் இருப்பவரிடமே கத்திப் பேச வேண்டியிருந்தால், உடனே பின்னுக்கு நகருங்கள். ஜாஸ் முடிந்து ஃபங்க் குழு மேடையேறும்போது சத்தம் பெரும்பாலும் ஒரு படி ஏறும். மகளின் காப்பைக் கருவிகள் மாற்றும் அந்த இடைவெளியிலேயே சரிபார்த்துவிடுங்கள்.