வவுத்தை நக்கியே மொட்டையாக்குற பூனை

கேள்வி: எங்க பூனைக்கு மூணு வயசுங்க, பொட்டை. ரெண்டு மாசமா வவுத்தையும் தொடை உள்பக்கத்தையும் நக்கி நக்கி முடியே இல்லாம பண்ணிருச்சு. இடுப்புக்கு மேல கை வெச்சா தோல் சிலுத்துக்கிட்டு ஓடுது, வெடுக்குனு கடிக்க வருது. பெட் ஷாப்காரரு டென்சன்னு சொல்றாரு, மாமியார் வேப்பெண்ணெய் தடவச் சொல்றாங்க. தடவலாமுங்களா?
- வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: வேண்டாமுங்க அம்மிணி. நக்கறதே பிரச்சினையா இருக்கறப்ப மேல எதைத் தடவுனாலும் அது நேரா வவுத்துக்குள்ளதான் போகும், வேப்பெண்ணெய் மட்டுமில்ல, நீலகிரித் தைலம், கற்பூரம் எதுவும் ஆகாது. தோட்டத்து நாய்க்கு வாங்குன சொட்டு மருந்துல பாதிய இதுக்கு விடலாம்னு யாராவது சொன்னாலும் கேக்காதீங்க, அதுல பெர்மெத்ரின்ங்கற பூச்சிக்கொல்லி இருந்துச்சுன்னா பூனைக்கு வலிப்பு வந்து உயிரே போயிரும்.

டென்சன்ல நக்கற பூனையும் இருக்குதுங்க, இல்லைங்கல. ஆனா அரிப்பும் இல்ல வலியும் இல்லன்னு பாத்து முடிச்ச பொறவு கடைசியா சொல்லோண்டிய காரணம் அது, கடைக்காரரு எடுத்ததுமே சொல்லிட்டாரு.

மொட்டையா இருக்கற எடத்துல வெரல வெச்சு எதிர்ப்பக்கமா தடவிப் பாருங்க. ரெண்டு நாள் தாடியாட்ட சொரசொரன்னு இருந்தா முடி தானா உதிரல, நாக்குல இருக்கற முள்ளு அதை ஒடைச்சிருக்குது. வட்டமா, செதில் செதிலா இருந்தா படர்தாமரையா இருக்கலாம், அது வீட்டுல கொழந்தைங்களுக்கும் ஒட்டும், ஒடனே காட்டிருங்க.

அடுத்தது தெள்ளுப்பூச்சி. "எங்க பூனை மேல ஒண்ணுகூட இல்லீங்க"ன்னுதான் எல்லாரும் சொல்லுவாங்க, ஆனா நக்கற பூனை பூச்சியவும் சேத்து முழுங்கிரும், நம்ம கண்ணுக்கு எங்க சிக்கும்? வால் அடியில பேன் சீப்புல சீவி, வர்ற கருப்புத் தூளை ஈர வெள்ளைத் துணியில போட்டுப் பாருங்க, செவப்பாக் கரைஞ்சா அது பூச்சி குடிச்ச ரத்தம், கழிவா வந்திருக்குது. பூச்சி எச்சில் ஒத்துக்காத பூனைக்கு நாலஞ்சு கடியே போதும், அரிப்பு அடங்காது. டாக்டர் எடை பாத்து குடுக்கற மருந்தை மாசாமாசம் விடோணும், வீட்டுல இருக்கற மத்த பூனை, நாய்க்கும் அதுக்கு அதுக்குன்னு தனியா விடோணும், பூனை படுக்கற சாக்கு, மிதியடியெல்லாம் சுடுதண்ணியில தொவைக்கோணும், ஏன்னா முட்டையும் புழுவும் அங்கதான் கெடக்கும்.

அதுக்கும் கேக்கலைன்னா தீனி. கோழி, மீனுன்னு தெனமும் திங்கறதே ஒத்துக்காமப் போகலாம். டாக்டர் சொல்ற ஒரே தீனிய 8 வாரமாவது குடுத்துப் பாக்கோணும், நடுவுல மாமியார் கருவாட்டுத் துண்டு போட்டுட்டாங்கன்னா அத்தனையும் வீண், மறுபடி மொதல்லருந்துதான்.

வவுத்த மட்டும் விடாம நக்குதுன்னா மூத்திரப்பையில வலி இருக்கலாமுங்க. அடிக்கடி ஒக்காந்து சொட்டுச் சொட்டாப் போகுதா, ரத்தம் தெரியுதான்னு பாருங்க, இருந்தா அன்னைக்கே ஆஸ்பத்திரி. கடுவனா இருந்து மூத்திரமே போகலைன்னா விடியற வரைக்கும்கூட வெச்சிருக்கக் கூடாது.

இடுப்புத் தோல் ஓடறதுக்கு அரிப்பு, முதுகு வலி, நரம்புன்னு பல காரணம் உண்டு. அந்த நேரத்துல புடிக்காதீங்க, அடிக்காதீங்க, போன்ல வீடியோ எடுங்க. கண்ணுப் பாப்பா விரியுதா, வால வெட்டி வெட்டி ஆட்டுதா, தன் வாலையே கடிக்குதான்னு தெரியற மாதிரி எடுங்க, ஏன்னா டாக்டர் டேபிள் மேல வெச்சா நெறையப் பூனைங்க பேசாம ஒறைஞ்சு போய் ஒக்காந்துக்கும். உள்ளூர்ல புடிபடலைன்னா நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்குது, அந்த வீடியோவோட போங்க.

அதுவரைக்கும் வலிக்குதேன்னு பாவப்பட்டு பாரசிட்டமால் மட்டும் குடுத்துராதீங்க, ஒரு மாத்திரையே பூனையக் கொன்னுரும்.