வாசகர் கேள்வி – பதில்: எக்ஸோசோமுக்குள் ஆர்.என்.ஏ. உண்மையிலேயே ஏறியதா?

கேள்வி: ஸ்டெம் செல்கள் வெளியிடும் எக்ஸோசோம்களில் (சவ்வு சூழ்ந்த நுண்பைகள்) மின்துடிப்பு கொடுத்து எஸ்.ஐ.ஆர்.என்.ஏ. (குறிப்பிட்ட மரபணுவை அடக்கும் சிறு ஆர்.என்.ஏ.) ஏற்றினோம். கால்வாசி ஏறியதாகக் கணக்கு வருகிறது. ஆனால் செல்லில் இலக்கு மரபணு அடங்கவே இல்லை. கோளாறு எங்கே?

பதில்: பெரும்பாலும் அந்தக் கால்வாசிக் கணக்கில்தான். மாதிரியை வைக்கும் சிறு கலமான குவெட்டின் அலுமினியத் தகடுகள் மின்துடிப்பின்போது உலோக அயனிகளைக் கசியவிடும். அவற்றோடு எஸ்.ஐ.ஆர்.என்.ஏ. சேர்ந்து திரளாகப் படியும். பிறகு 1,00,000 ஜி (புவியீர்ப்பின் லட்சம் மடங்கு) விசையில் சுழற்றினால் நுண்பையும் திரளும் சேர்ந்தே அடியில் இறங்கும். அளந்தால் எல்லாம் உள்ளே போனது போலத் தெரியும். 2013-லேயே இதை ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டிவிட்டார்கள். இன்றும் பலர் இதில் விழுவதுதான் வருத்தம்.

முதலில் ஒரு வெறும் சோதனை செய்யுங்கள். எக்ஸோசோம் போடாமல், அதே பஃபர் கரைசல், அதே எஸ்.ஐ.ஆர்.என்.ஏ., அதே மின்துடிப்பு, அதே சுழற்சி. அடியில் ஆர்.என்.ஏ. கிடைத்தால் அது திரள்தான். உலோக அயனிகளைப் பிடித்துக்கொள்ளும் இ.டி.டி.ஏ. சேர்த்தால் திரள் குறையும். கூடவே 'ஏறிய' அளவும் சரிந்துவிடும். அந்தச் சிறிய எண்ணே உங்கள் உண்மையான கணக்கு.

அடுத்து, மாதிரியை மூன்றாகப் பிரியுங்கள். ஒன்றை அப்படியே வையுங்கள். இரண்டாவதில் ஆர்.என்.ஏ.வைச் சிதைக்கும் நொதியான ஆர்.என்.ஏஸ் மட்டும். மூன்றாவதில் முதலில் டிரைட்டான் என்ற சோப்பு போன்ற பொருளைப் போட்டு சவ்வை உடைத்து, பிறகு ஆர்.என்.ஏஸ். உள்ளே இருக்கும் சரக்கு இரண்டாவதில் பிழைத்து மூன்றாவதில் அழிய வேண்டும். மூன்றாவதிலும் அழியாமல் நின்றால் திரளைச் சந்தேகியுங்கள்.

மின்துடிப்பே வேண்டாம் என்றால் கொலஸ்ட்ரால் கோத்த எஸ்.ஐ.ஆர்.என்.ஏ.வை 37 டிகிரியில் கலந்து வைக்கலாம். அது சவ்வில் தானே ஒட்டும். ஒட்டாத மிச்சத்தை துகள்களை அளவுவாரியாகப் பிரிக்கும் பத்தியில் (column) கழித்துவிடுங்கள். சரக்கு வெளிப்புறமாக நிற்பதால் இங்கே ஆர்.என்.ஏஸ் சோதனையை அதே பொருளில் படிக்கக் கூடாது.

இன்னொன்று: செல் ஒளிர்வதால் மருந்து சேர்ந்ததாகாது. நுண்பைகளுக்கு ஏற்றும் பி.கே.எச். ஒளிர்சாயமே நுண்பை அளவில் துகள்களாகிவிடும். உண்மையான நுண்பையும் செல்லுக்குள் எண்டோசோம் என்ற பையில் சிக்கி, செல்லின் செரிமான அறையான லைசோசோமில் அழியலாம். இலக்கு மரபணுவின் எம்.ஆர்.என்.ஏ. (தூது ஆர்.என்.ஏ.) குறைந்ததா என்று பாருங்கள்.

கேள்வி: எக்ஸோசோம்களை மைனஸ் 80 டிகிரியில் பி.பி.எஸ். என்ற உப்புக் கரைசலில் வைத்தோம். துகள் எண்ணிக்கை குறைகிறதே?

பதில்: வெறும் பி.பி.எஸ்.ஸில் குழாய்ச் சுவரில் ஒட்டிப் போகும். மனித ஆல்புமின் புரதமும் டிரெஹலோஸ் சர்க்கரையும் சேர்த்து, சிறு பங்குகளாகப் பிரித்து உறைய வையுங்கள். ஒரு பங்கை ஒருமுறைதான் உருக்க வேண்டும்.