மன்னிப்புக் கிடைத்தது, பணம் யாருடையது?

கேள்வி: கூட்டு வியாபாரம் செய்த காலத்தில் கூட்டாளிக்குத் தெரியாமல் பொய்ச் செலவுக் கணக்கு எழுதிப் பலமுறை பணம் எடுத்தேன். பிறகு இரட்சிக்கப்பட்டு ஞானஸ்நானம் பெற்றேன். அந்தப் பாவத்தைத் தேவனிடம் கண்ணீரோடு அறிக்கையிட்டுவிட்டேன். சங்கீதம் 103:12-ன்படி அது மேற்குக்கும் கிழக்குக்கும் உள்ள தூரத்துக்கு விலக்கப்பட்டாயிற்று. கூட்டாளிக்கோ இன்றுவரை எதுவும் தெரியாது. பணத்தைத் திருப்பிக் கொடுக்கும்படி எங்கள் சபை மூப்பர் சொல்கிறார். அது கிருபையை விட்டுக் கிரியைக்கு, அதாவது நற்செயலால் இரட்சிப்பைச் சம்பாதிப்பதற்கு, திரும்புவது ஆகாதா?

பதில்: ஆகாது. மூப்பர் சொல்வதுதான் சரி.

பணத்தைத் திருப்பிக் கொடுத்து யாரும் இரட்சிப்பை வாங்க முடியாது என்பது உண்மை. எபேசியர் 2:8-9 அதைச் சந்தேகத்துக்கு இடமின்றிச் சொல்கிறது. சிலுவையில் தொங்கிய கள்ளன் ஒரு காசையும் திருப்பித் தரவில்லை; அன்றைக்கே பரதீசு அவனுக்குக் கிடைத்தது. ஆனால் அவனுக்கு அதற்கு நேரமும் இல்லை, அவனுடைய கைகள் ஆணியில் இருந்தன. உங்களுக்கு இரண்டும் இருக்கின்றன. அவனைச் சாட்சிக்கு அழைக்க உங்களால் முடியாது.

நீங்கள் பார்க்க வேண்டியது வரி வசூலிப்போரின் தலைவனான சகேயுவை. லூக்கா 19-ல் நடந்த வரிசையைக் கவனியுங்கள். 5-ம் வசனத்தில் இயேசு அவனைப் பேர்சொல்லி அழைக்கிறார். அவன் ஒன்றும் செய்வதற்கு முன்பே அவன் வீட்டில் தங்கப்போவதாகச் சொல்கிறார். அதுதான் கிருபை. 8-ம் வசனத்தில், அநியாயமாய் வாங்கினதை நான்கு மடங்காகத் திரும்பச் செலுத்துவதாகச் சகேயு சொல்கிறான். கிருபை முந்தியது, பணம் பிந்தியது. அந்தப் பணப்பேச்சு கிருபையைக் கெடுக்கிறது என்று இயேசு கருதியிருந்தால் அங்கேயே தடுத்திருப்பார். அவர் சொன்னதோ, "இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது" என்பது.

உங்கள் வழக்கையே எழுதிவைத்தது போன்ற பகுதி லேவியராகமம் 6:1-7. அயலான் ஒப்புவித்த பொருளிலோ கொடுக்கல் வாங்கலிலோ வஞ்சித்தவனைப் பற்றியது அது. அதைக் கர்த்தருக்கு விரோதமான பாவம் என்றே அந்தப் பகுதி தொடங்குகிறது. அப்படியும், நேரே பலிபீடத்துக்குப் போ என்று சொல்லவில்லை. முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டி, குற்றநிவாரண பலியிடும் அதே நாளில் உடையவனுக்குக் கொடுக்க வேண்டும். பலியிட வேண்டிய ஆட்டுக்கடா அதற்குப் பிறகுதான் சொல்லப்படுகிறது. 100 எடுத்தவன் 120 கொடுக்க வேண்டும். பிடிபட்ட திருடனுக்கு விதித்ததையும் ஒப்பிட்டுப் பாருங்கள்: யாத்திராகமம் 22-ன்படி திருடின ஆடு உயிரோடு கையில் அகப்பட்டால் இரட்டிப்பு, கொன்றோ விற்றோ இருந்தால் ஆட்டுக்கு நான்கு, மாட்டுக்கு ஐந்து. தானாக வந்து ஒப்புக்கொள்கிறவனுக்குச் சுமையை இலகுவாக்கித்தான் வைத்திருக்கிறார் தேவன். அந்தப் பலி கிறிஸ்துவில் நிறைவேறிவிட்டது. கூட்டாளியின் பணம் எதில் நிறைவேறியது? அது இன்னும் உங்களிடம்தானே இருக்கிறது?

தேவன் மன்னித்தது தமக்கு விரோதமான உங்கள் குற்றத்தை. இன்னொருவருடைய பணத்தை அவர் உங்களுக்கு எழுதிக்கொடுக்கவில்லை. பிலேமோனின் அடிமையான ஒநேசிமுவை எஜமானிடம் திருப்பி அனுப்பிய பவுல், கர்த்தர் மன்னித்துவிட்டார், விட்டுவிடு என்று பிலேமோனுக்கு எழுதவில்லை. அவன் உனக்குக் கடன்பட்டிருந்தால் என் கணக்கில் வைத்துக்கொள், நானே செலுத்துவேன் என்று தன் கையாலேயே எழுதினார். இது ஒரு சபைப் பிரிவின் கருத்து மட்டுமல்ல. பாவமன்னிப்புப் பெற்றபின்பும் திருடிய பொருளைத் திருப்பித் தர வேண்டும் என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலும் 1459-ம் பத்தியில் சொல்கிறது.

இனி செய்யவேண்டியது. பழைய கணக்குப் புத்தகங்களை எடுத்து, நீங்கள் எழுதிய பொய்ச் செலவு ஒவ்வொன்றையும் தேதி, தொகையோடு ஒரு தாளில் எழுதுங்கள். நினைவில் தெளிவில்லாத தொகையைக் கூட்டிப் போடுங்கள், குறைத்துப் போடாதீர்கள். பழைய ஏற்பாட்டின் ஐந்தில் ஒரு பங்கு இன்று சட்டமாக உங்களைக் கட்டாது. ஆனால் கூட்டாளி தம் பணமில்லாமல் இருந்த ஆண்டுகளை நினைத்தால் அதற்குக் கீழே போக உங்களுக்கு மனம் வரக்கூடாது. பணம் குடும்பத்தின் கையிலிருந்து போகிறது என்றால் மனைவிக்கு முதலில் சொல்லுங்கள். மொத்தமும் கையில் இல்லையென்றால், இருப்பதைக் கொண்டுபோய், மீதிக்குத் தவணைத் தேதிகளை எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுங்கள். அவர் வழக்குப் போட நினைக்கலாம். அதனால் போவதற்கு முன் வழக்கறிஞர் ஒருவரிடம் பேசுங்கள். போகாமலிருக்க அதைச் சாக்காக்காதீர்கள்.

நேரில் போய்ச் சொல்லும் வார்த்தைகளில்தான் பலர் சறுக்குகிறார்கள். "நான் ஏதாவது தப்புச் செய்திருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள்" என்பது அறிக்கை அல்ல. "இன்ன மாதங்களில் பொய்ச் செலவு எழுதி இவ்வளவு எடுத்தேன், இதோ கணக்கு" என்பதுதான் அறிக்கை. அன்றைய நெருக்கடியை விளக்காதீர்கள். அவருடைய குறைகளைத் தொடவே தொடாதீர்கள். மன்னிப்பைக் கேளுங்கள், ஆனால் மன்னிப்பது கிறிஸ்தவனின் கடமை என்று வசனம் காட்டி நெருக்காதீர்கள். அவருக்கு இது இன்றைக்குத்தான் தெரியவருகிறது. கோபப்பட அவருக்கு உரிமை உண்டு.

இரண்டு குறுக்குவழிகள் உண்டு, இரண்டும் தவறு. ஒன்று, பேர்போடாமல் பணத்தை அனுப்பிவிடுவது. அதில் முதல் திரும்புகிறது, பொய் அப்படியே இருக்கிறது. மற்றது, அந்தத் தொகையைக் காணிக்கையாகச் சபையில் போட்டுவிடுவது. இது பக்திபோலத் தோன்றுவதால் இன்னும் ஆபத்தானது. கொள்ளைப்பொருளால் இடப்படும் பலியைக் கர்த்தர் வெறுக்கிறார் என்கிறது ஏசாயா 61:8. எண்ணாகமம் 5:8-ன்படி, உடையவனும் இல்லை, பெற்றுக்கொள்ள அவனுக்கு உறவினரும் இல்லை என்றால் மட்டுமே பணம் ஆசாரியனுக்குப் போகும். உங்கள் கூட்டாளி உயிரோடு இருக்கிறார்.

எல்லாப் பாவத்துக்கும் இப்படி ஆளைத் தேடிப் போக வேண்டுமா என்று இதைப் படிக்கும் வேறு சிலர் கேட்பார்கள். வேண்டாம். உள்ளத்தில் மட்டும் எழுந்த இச்சையையோ பொறாமையையோ சம்பந்தப்பட்டவரிடம் போய்ச் சொன்னால் அவருக்குப் புதுக் காயம்தான் மிஞ்சும். அதைத் தேவனிடம் சொல்லுங்கள். யாருக்கு உண்மையில் தீங்கு நேர்ந்ததோ அவர்வரைக்கும்தான் அறிக்கை போக வேண்டும். அதே காரணத்தால், கூட்டாளியிடம் சொல்லும் முன் சபையில் இதைச் சாட்சியாகச் சொல்லாதீர்கள். அவர் இதை இன்னொருவர் வாயால் கேட்கக்கூடாது.

எப்போது போவது? காணிக்கையைப் பலிபீடத்தின் முன்னே வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகச் சொல்கிறார் கர்த்தர் (மத்தேயு 5:23-24). உங்கள் சபையின் அடுத்த திருவிருந்து நாளைப் பார்த்துக்கொண்டு, அதற்கு முன் போய்விட்டு வாருங்கள். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் அந்த மூப்பரையே உடன் அழைத்துக்கொள்ளுங்கள். பேசவேண்டியது மட்டும் நீங்கள்.