மூடிகளை உருக்கிச் செய்யும் பலகை வளைவது குறித்து

வணக்கம். சேகரித்த பாட்டில் மூடிகளை 150 டிகிரி செல்சியஸில் அழுத்தி நீங்கள் செய்யும் பலகைகள் வளைவதற்கும், அவற்றின் நடுவே உருகாத துகள்கள் நிற்பதற்கும் காரணங்கள் வெவ்வேறு என்றே கருதுகிறேன். மூடிகளில் சில உயர் அடர்த்தி பாலிஎத்திலீனாலும் சில பாலிபுரோப்பிலீனாலும் ஆனவை. முன்னது ஏறத்தாழ 130 டிகிரியிலும் பின்னது 160 டிகிரியை ஒட்டியும் உருகுவதால், உங்கள் அச்சில் பின்னது துகளாகவே தங்கிவிடுகிறது. இரண்டும் நீரில் மிதப்பவை என்பதால் அவற்றைப் பிரிக்கத் தண்ணீர்த் தொட்டி உதவாது. மூடியில் 2 (உயர் அடர்த்தி பாலிஎத்திலீன்) அல்லது 5 (பாலிபுரோப்பிலீன்) என்ற எண் அச்சாகியிருந்தால் அதைப் பார்த்துக் கையால்தான் பிரிக்க வேண்டும் (சலிப்பூட்டும் வேலைதான்). 3 என்ற எண்ணுள்ள பி.வி.சி. தப்பித்தவறியும் சேரக் கூடாது. சூட்டில் அது நச்சுத்தன்மையுள்ள ஹைட்ரஜன் குளோரைடு வாயுவை வெளியிடும். வளைவோ பலகை சீரற்று ஆறுவதால் வருவது. அதைத் தவிர்க்க, அழுத்தத்தைத் தளர்த்தாமல் அச்சுக்குள்ளேயே இருபுறமும் ஒரே சீராக ஆறவிடுங்கள்.