ஆடுபவர்களே லெவல் கட்டும் கேம்: காசு தேறுமா?

குடியாத்தத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்:

"வேலூர்க் கோட்டை மாதிரி ஒரு கோட்டைக்குள் ஓடித் தாவும் 2டி கேம் ஒன்றை நானும் காட்பாடியில் கூடப் படித்த நண்பர்கள் இருவரும் செய்துகொண்டிருக்கிறோம். 12 லெவல் முடிந்துவிட்டது. இதற்கு மேல் செய்ய ஆள் இல்லை. எடிட்டரைக் கொடுத்து ஆடுபவர்களையே லெவல் கட்ட விட்டால் கேம் தானாக வளரும் என்று நினைக்கிறோம். லுங்கி வியாபாரம் செய்யும் என் மாமா 6 லட்சம் போடத் தயார். இது நிற்குமா சார்? இலவசமாக விட்டு விளம்பரம் போடுவதா, விலை வைப்பதா? நன்றாக லெவல் கட்டுபவர்களுக்குப் பங்கு கொடுக்கலாமா? பத்து ரூபாய் நுழைவுக் கட்டணம் வாங்கி, கஷ்டமான லெவலை முடிப்பவருக்குப் பரிசு தரலாம் என்கிறார் மாமா. சரிதானா?"

மாமாவின் யோசனையை முதலில் பார்த்துவிடலாம், அதில் யோசிக்க அதிகம் இல்லை. வேண்டாம். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் கேமிங் சட்டம், பணம் கட்டிப் பணம் ஜெயிக்கும் ஆட்டங்களைத் தடை செய்கிறது. ஜெயிப்பது திறமையாலா அதிர்ஷ்டத்தாலா என்ற வித்தியாசத்தை அது பார்ப்பதில்லை. நடத்துபவருக்கு 3 ஆண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். பத்து ரூபாய்க்கு அது கட்டுப்படியாகாது.

இனி "தானாக வளரும்" என்ற நம்பிக்கைக்கு வருவோம். எடிட்டர் ஆள் செலவை மிச்சம் பிடிக்கும் என்றுதான் எல்லோரும் இறங்குகிறார்கள். நடப்பது வேறு. உங்கள் மூவருக்கு மட்டும் புரிகிற கருவி வேறு, ஆம்பூரில் ஒன்பதாவது படிக்கும் பையன் போனில் கட்டைவிரலால் கட்டக்கூடிய எடிட்டர் வேறு. அதைச் செய்வது இன்னொரு கேம் செய்வதற்குச் சமமான வேலை. செய்து கொடுத்தாலும் ஆடுபவர்களில் மிகச் சிலரே கட்டுவார்கள், அந்தச் சிலரிலும் அடுத்தவர் ரசித்து ஆடும்படி கட்டுபவர் இன்னும் குறைவு. உங்களுக்குக் காசு வருவது கட்டுபவரிடமிருந்து இல்லை, ஆடுபவரிடமிருந்துதான். அவரை வரவழைக்க நீங்களே செய்த நல்ல லெவல்கள் வேண்டும்.

இந்த யோசனை ஒன்றும் புதிதில்லை. 1983இல் வந்த லோட் ரன்னர் என்ற கேமிலேயே லெவல் எடிட்டர் இருந்தது. ஆனால் அதோடு 150 லெவல்களும் இருந்தன. கடையில் வாங்கியவர்களுக்கு முதலில் ஆட அந்த 150 இருந்தன.

எதிர்த்திசையில் போனவர்களையும் பாருங்கள். ஆடுபவர்களே லெவல் கட்டும் லிட்டில் பிக் பிளானட் கேமைச் செய்த மீடியா மாலிக்யூல் நிறுவனம், 2020இல் டிரீம்ஸ் என்ற கேமை வெளியிட்டது. ஆடுபவர்கள் லெவல் மட்டுமில்லை, முழு கேம், பாட்டு, சிற்பம் எல்லாம் செய்யலாம். அதில் வந்த சில படைப்புகள் அசத்தலானவை. பின்னால் சோனி என்ற பெரிய கை இருந்தும், 2023 செப்டம்பரோடு அதற்குப் புதிய அம்சங்கள் தருவதை நிறுத்திக்கொண்டார்கள். ஆடுபவர்களே கேம் கட்டிப் போடும் ரோப்லாக்ஸ் தளம் ஜெயித்ததே என்பீர்கள். அது 2006இல் தொடங்கியது. 2024இல் படைப்பாளிகளுக்கு 92 கோடி டாலருக்கு மேல் கொடுத்தது, அதே ஆண்டில் அதன் நிகர நஷ்டமும் 90 கோடி டாலருக்கு மேல். இத்தனை ஆண்டு கழித்தும் லாபம் காட்டாத ஒரு தொழிலை, லுங்கி வியாபாரத்தில் வரவும் செலவும் பார்த்துப் பழகிய மாமாவிடம் எப்படி விளக்குவீர்கள்?

உங்கள் அளவுக்குப் பொருந்துகிற உதாரணம் ஜியாமெட்ரி டேஷ். 2013இல் சுவீடனைச் சேர்ந்த ராபர்ட் டோபாலா என்ற ஒரே ஆள் வெளியிட்டது. பொத்தான் ஒன்றுதான்: தட்டினால் குதிக்கும். அதிகாரபூர்வ லெவல்கள் இருபத்துச் சொச்சம், மற்ற கணக்கில்லாதவை ஆடுபவர்கள் கட்டியவை. வியாபார நுணுக்கம் எங்கே என்றால், இலவச லைட் பதிப்பில் எடிட்டர் கிடையாது. ஆடிப் பார்த்துப் பிடித்தவர், கட்ட ஆசைப்படும்போது காசு கொடுக்கிறார். நரகம் மாதிரி கஷ்டமான லெவல்களில் மற்றவர்கள் செத்துச் செத்து ஆடும் வீடியோக்களே அதற்கு விளம்பரம் ஆகிவிட்டன.

ஜியாமெட்ரி டேஷிலும், மரியோ லெவல்களை ஆடுபவர்களே கட்டும் மரியோ மேக்கர் கேமிலும் ஒரே விதி உண்டு: தான் கட்டிய லெவலைத் தானே ஒருமுறை முடித்துக் காட்டாமல் அப்லோட் செய்ய முடியாது. இதை முதல் நாளே வையுங்கள். முடிக்கவே முடியாத குப்பைகள் வாசலிலேயே நின்றுவிடும். அப்புறம், பட்டியலை லைக் எண்ணிக்கையில் மட்டும் அடுக்காதீர்கள். பழைய பத்து லெவல்களே உச்சியில் உட்கார்ந்துகொண்டு, புதிதாகக் கட்டியவருக்கு ஒருவரும் வரமாட்டார்கள். மரியோ மேக்கர் 2இல் முடிவில்லாச் சவால் என்று ஒன்று உண்டு. கஷ்டத்தின் அளவை மட்டும் தேர்ந்தெடுத்தால், அடுத்தடுத்து ஊர்பேர் தெரியாத லெவல்களை அதுவே போட்டுக்கொண்டிருக்கும். லெவல் கட்டுபவருக்கு முதல் கூலி, முன்பின் தெரியாத ஒருவர் அதை ஆடியதுதான். அது கிடைக்காவிட்டால் இரண்டாவது லெவல் கட்டமாட்டார்.

சரி, விலை. கணினி கேம்களை விற்கும் ஸ்டீம் என்ற இணையக் கடையில் 299 ரூபாய் வைத்தால், அதற்குள் இருக்கும் 18% ஜிஎஸ்டி போக ஏறக்குறைய 253. ஸ்டீமின் 30% போக 177. மாமாவின் 6 லட்சம் திரும்பவே 3,400 பிரதிகள் விற்க வேண்டும், உங்கள் மூவரின் சம்பளம் இதில் இல்லை. ஸ்டீமில் வாங்கிய 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். உங்கள் 12 லெவலை ஒரு தேர்ந்த ஆட்டக்காரர் அந்த நேரத்துக்குள் முடித்துவிட்டுப் பணத்தையும் வாங்கிக்கொண்டு போய்விடுவார். ஆகவே 12ஐ முப்பதாக்குங்கள். எடிட்டருக்குப் போகவிருந்த நேரம் முதலில் அதற்குப் போகட்டும்.

இலவசமும் விளம்பரமும் எனக்கு உவப்பில்லை. லட்சக்கணக்கில் தினசரி ஆட்டக்காரர்கள் இல்லாமல் அதில் சொல்லிக்கொள்ளும்படி வராது. தவிர, உங்களிடம் வருவதில் பாதி சிறுவர்களாக இருப்பார்கள். 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயதுக்குக் கீழே உள்ள எல்லோரும் குழந்தைகள். பெற்றோர் சம்மதம் வேண்டும், குறிவைத்த விளம்பரம் காட்டக்கூடாது.

பலரும் கணக்கில் எடுக்காத செலவு கண்காணிப்பு. லெவல் கோப்பு சில கிலோபைட்தான், சர்வர் வாடகை பெரிதில்லை. ஆனால் செங்கல்லை வரிசையாக அடுக்கிக் கெட்ட வார்த்தை எழுதுவார்கள். சாதிப் பெயர் எழுதுவார்கள், கட்சிக் கொடி கட்டுவார்கள். தேர்தல் நேரத்தில் கேட்கவே வேண்டாம். கட்டம் கட்டமாக அடுக்கிய தமிழ் எழுத்தை வார்த்தை வடிகட்டி பிடிக்காது, மனிதர் உட்கார்ந்து பார்க்க வேண்டும். மூவரில் ஒருவருக்கு அதுவே முழுநேர வேலையாகிவிடும். பாட்டு ஏற்றும் வசதியை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். முதல் வாரமே சினிமாப் பாட்டு வரும், பின்னாலேயே உரிமைக்காரரின் நோட்டீஸ் வரும்.

அதனால் சொந்த சர்வரே வேண்டாம் என்பேன். கணினியில் ஸ்டீம் ஒர்க்‌ஷாப் இருக்கிறது, லெவல்களைச் சேமித்து இறக்கித் தருவதை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். போனில் லெவலை ஒரு கோப்பாக்கி வாட்ஸ்அப்பில் அனுப்ப விடுங்கள். கட்டம் போட்ட 2டி லெவலைச் சுருக்கினால் ஒரு கியூஆர் படத்துக்குள்ளேயே அடக்கலாம், அதன் கொள்ளளவு கிட்டத்தட்ட 3 கிலோபைட். ஹாஸ்டல் சுவரில் ஒட்டி வைத்தாலும் ஸ்கேன் செய்து ஆடலாம். கம்பெனியே மூடினாலும் லெவல்கள் சாகாது. லிட்டில் பிக் பிளானட் 3இன் சர்வர்கள் 2024இல் நின்றபோது அந்தக் கொடுப்பினை அதன் ஆட்டக்காரர்களுக்கு இல்லை.

பங்கு கொடுப்பது இப்போது தேவையில்லை. அதற்குக் கணக்கு, வரி, ஏமாற்றுப் பேர்வழிகளைப் பிடிப்பது என்று தனிக் கம்பெனி நடத்த வேண்டும். ரோப்லாக்ஸிலேயே ஆடுபவர் செலவழிக்கும் பணத்தில் சுமார் கால் பங்குதான் படைப்பாளி கைக்கு வருகிறது, அதையும் அந்தத் தளத்தின் நாணயமான ரோபக்ஸ் 30,000 சேர்ந்தால்தான் டாலராக்க முடியும். கட்டியவர் பெயரைப் பெரிதாகப் போடுங்கள். லெவல் உரிமை அவரிடமே இருக்கட்டும், காட்டவும் விளம்பரத்தில் பயன்படுத்தவும் மட்டும் அனுமதி வாங்குங்கள். ஆட்டக்காரர்கள் செய்ததெல்லாம் தனக்கே சொந்தம் என்று 2020இல் பிளிஸார்ட் என்ற கேம் கம்பெனி எழுதி வைத்து வாங்கிக் கட்டிக்கொண்டது.

மாமாவிடம் 6 லட்சத்தையும் இப்போது வாங்காதீர்கள். முப்பது லெவலும் ஸ்டீம் பக்கமும் தயாராகும் அளவுக்கு மட்டும் கேளுங்கள். பதிவுக் கட்டணம் 100 டாலர். எடிட்டரின் கச்சா வடிவத்தை ஜூனியர்கள் முப்பது பேரிடம் கொடுத்துப் பாருங்கள். கட்டியவருக்குச் சம்பந்தமில்லாதவர்கள் அந்த லெவல்களை இரண்டாம் வாரமும் ஆடினால் மீதிப் பணத்தைப் பற்றிப் பேசலாம். பிளே ஸ்டோரில் புதிதாகத் தனிநபர் கணக்கு தொடங்கினால் எப்படியும் 12 பேரை 14 நாள் தொடர்ந்து சோதிக்க வைத்தாக வேண்டும், இந்த முப்பது பேரிலிருந்தே அவர்களை எடுத்துக்கொள்ளுங்கள்.