மூன்று வயதுக்கு என்ன அவசரம்?

கேள்வி: பழைய வெள்ளைக்காரக் குடும்பப் படங்களில் ஆண் குழந்தைகளும் கவுன் போட்டிருக்கிறார்களே, பையன் என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்? எந்த வயதில் கால்சட்டை மாட்டினார்கள்? என் பேரன் மூன்று வயதிலேயே வேட்டிதான் கட்டுவேன் என்று அவசரப்படுகிறான், அதனால் கேட்கிறேன். (ஒரு வாசகர், தேவிபட்டினம்)

பதில்: அவசரம் என்று எழுதிவிட்டீர்கள் ஐயா, என்னால் அதைத் தாண்டிப் போக முடியவில்லை. பேரனுக்கு அவசரம் எதுவும் கிடையாது. தாத்தா கட்டியிருப்பதைப் பார்த்துக் கேட்கிறான், அடுத்த வாரம் போலீஸ் தொப்பி கேட்பான். இடுப்பில் ஒட்டிக்கொள்கிற வேட்டி கடைத்தெருவில் கிடைக்கிறது, வாங்கிக் கொடுங்கள். அவசரம் எப்போதும் பெரியவர்களுக்குத்தான், உங்கள் படத்திலுள்ள கவுனுக்குப் பின்னாலும் அந்தக் கதைதான் இருக்கிறது.

ஐரோப்பாவில் 16ஆம் நூற்றாண்டிலிருந்து 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை ஆண் குழந்தைக்கும் கவுன்தான். அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் கூட 1884இல் எடுத்த போட்டோவில், இரண்டரை வயதில், கவுனும் நீள முடியுமாகத்தான் உட்கார்ந்திருக்கிறார். அன்றைய கால்சட்டையில் இருந்த பொத்தானையும் முடிச்சையும் அவசரத்துக்கு அவிழ்க்கச் சின்னப் பிள்ளைக்கு வராது, துவைப்பவளுக்குத்தான் வேலை. கவுன் என்றால் பிள்ளை வளர வளர மடிப்பைப் பிரித்து விட்டால் போதும். அப்புறம் இரண்டிலிருந்து எட்டு வயதுக்குள் ஏதோ ஒரு நாள் பார்த்துக் கால்சட்டை மாட்டுவார்கள், பணக்கார வீட்டில் அது ஒரு விசேஷம். 1679இல் ஓர் ஆங்கிலேயப் பாட்டி, ஊரில் இல்லாத தன் மகனுக்குப் பேரனின் அந்த நாளைப் பற்றி எழுதிய கடிதம் இன்னும் இருக்கிறது. பையனுக்கு ஆறு வயதுகூட நிறைந்திருக்காது. கல்யாணப் பெண்ணை அலங்கரிக்கக்கூட இத்தனை கைகள் சூழ்ந்திருக்காது, ஒருத்தர் காலைப் பிடிக்க, ஒருத்தர் கையைப் பிடிக்க, தையல்காரர் பொத்தான் போட்டார், பழைய உடுப்பில் இருந்ததைவிட இப்போது உயரமாகத் தெரிகிறான் என்று பூரித்துப்போய் எழுதுகிறாள்.

சரி, அது வசதியான வீட்டுப் பிள்ளை. அதே நாட்டில் நெசவு ஆலைகளில் ஒன்பது வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளை வேலைக்கு வைக்கக் கூடாது என்று 1833இல் சட்டமே போட வேண்டியிருந்தது. எட்டு வயதில் கால்சட்டை மாட்டியவனுக்கு மறுநாள் என்ன காத்திருந்தது என்பது அவன் எந்த வீட்டில் பிறந்தான் என்பதைப் பொறுத்தது.

நம் கடற்கரையில் கவுன் கிடையாது, அரணாக்கயிறுதான். அதற்கு மேல் டவுசர், டவுசருக்கு மேல் கைலி. கீழக்கரைப் பக்கம் மார்க்கக் கல்யாணத்தன்றுதான், அதாவது முஸ்லிம் வீட்டுப் பையனுக்குச் சுன்னத் செய்யும் அன்றுதான், பல பிள்ளைகள் முதல் கைலி கட்டுகிறார்கள், சபுர் போன, அதாவது வெளிநாட்டுக்குப் பிழைக்கப் போன, மாமா அனுப்பிய புதுக் கைலி என்றால் மவுசே தனி. புண் ஆறும் வரை உடம்பில் ஒட்டாத துணி வேண்டும் என்பதுதான் காரணம். கவுனும் சரி, கைலியும் சரி, உடம்பின் வசதிக்காக வந்து அப்புறம் வயதின் அடையாளமாக நிலைத்துவிட்டன.

மீனவத் தெருவில் அந்த அடையாளம் பையனைப் பள்ளிக்கூடத்திலிருந்து கடலுக்கு இழுத்தது. டவுசர் போட்டவன் கரைவலைக் கயிற்றைப் பிடித்தால் கையில் நாலு மீனைக் கொடுத்து அனுப்புவார்கள். கைலியை மடித்துக் கட்டி நின்றுவிட்டான் என்றால் ஆள் கணக்கில் சேர்த்துவிடுவார்கள், அவன் எத்தனாவது படிக்கிறான் என்று யாரும் கேட்கமாட்டார்கள். "எங்கள் காலத்தில் பத்து வயதிலேயே வலை இழுத்தோம், பொறுப்பாக வளர்ந்தோம்" என்று இதே பக்கத்துக்கு ஒருவர் எழுதி, நான் பதில் சொல்லி, அவர் கோபித்துக்கொண்டு சந்தாவை நிறுத்தினார். இப்போதும் அதே பதில்தான்: பத்து வயதில் பொறுப்பு வந்தது என்றால் யாரோ பெரியவர் தன் பொறுப்பை இறக்கிவைத்தார் என்று அர்த்தம். 2016இல் சட்டத்தைத் திருத்தி 14 வயதுக்குக் கீழே எந்த வேலைக்கும் வைக்கக் கூடாது என்றார்கள், ஆனால் பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் உதவலாம் என்று விட்டுவைத்தார்கள். விடிகாலையில் படகில் போய் வந்த பையன் முதல் பீரியடில் தூங்குவதை அந்தச் சட்டம் எந்தக் கணக்கில் சேர்க்கும்?

பெண் பிள்ளைக்கு நடந்தது இதைவிட மோசம். பையன் கால்சட்டைக்கு மாறியபோது அவனுக்குப் பை, அதாவது பாக்கெட், கிடைத்தது, சோழியோ பம்பரமோ போட்டுக்கொண்டான். அவளுக்குத் தாவணி வந்தது, பை வரவில்லை, பல வீடுகளில் பள்ளிக்கூடமும் அத்தோடு நின்றது. பெண் பிள்ளைகளின் சீருடையில் பை வைத்துத் தையுங்கள் என்று நான் எழுதாத வருஷம் இல்லை, இனியும் எழுதுவேன். பாம்பன் சின்னப்பாலத்தில் கடல்பாசி எடுக்கப் போகிற பெண்களைப் பாருங்கள், புடவைக்கு மேல் ஆம்பளைச் சட்டையை மாட்டிக்கொண்டு இறங்குகிறார்கள். வேலைக்கு எது தோதோ அதை அவர்களே தேர்ந்தெடுத்துக்கொண்டார்கள்.

பிள்ளையை அவசரமாகப் பெரியவனாக்குவது புதிதும் இல்லை. புறநானூற்றின் 77ஆம் பாட்டில் புலவர் இடைக்குன்றூர் கிழார், சின்ன வயதிலேயே போருக்கு வந்த பாண்டியன் நெடுஞ்செழியனைப் பார்த்து அசந்துபோய் நிற்கிறார். காலில் கிண்கிணியைக் கழற்றிய இடத்தில் வீரக்கழல் ஏறியிருக்கிறது, குட்டி வளையல் கழற்றிய கையில் வில் இருக்கிறது, ஆனால் கழுத்தில் குழந்தைக்குக் கட்டும் தாலி இன்னும் கழற்றப்படவில்லை. பால்குடி மறந்து இன்றைக்குத்தான் சோறு தின்றான் என்கிறார். எல்லோரும் அதை வீரப் பாட்டு என்று வகுப்பெடுக்கிறார்கள். எனக்கு அந்தக் கழற்றாத தாலியைப் பார்த்தால் வயிறு கலங்குகிறது, அவனைத் தேரில் ஏற்றிவிட்டவர்கள் யார் என்றுதான் கேட்கத் தோன்றுகிறது.

உங்கள் முதல் கேள்வி பாக்கி இருக்கிறது. படத்தில் கையைப் பாருங்கள் ஐயா. சாட்டை, மத்தளம், மரக்குதிரை, பொம்மை வாள் இதில் ஏதாவது இருந்தால் பெரும்பாலும் பையன்.