'பஹேலி' இந்திப் படத்தில் லச்சி, கணவன் உருவத்தில் வந்த பேயோடு தெரிந்தே வாழ்ந்தது கணவனுக்குத் துரோகம் இல்லையா?

இல்லவே இல்லை. உங்களுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்று நினைக்கிறேன், அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

முதலிரவுக் காட்சியைத் திரும்ப ஒரு தடவை பாருங்கள். லச்சியின் கணவன் கிஷன்லால் கல்யாணச் செலவுக் கணக்கு எழுதிக்கொண்டிருக்கிறான். விடிந்தால் வியாபாரத்துக்குப் பயணம், திரும்பி வர ஐந்து வருடம் ஆகும். அப்பா நல்ல நேரம் குறித்தாயிற்று. லச்சியிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்புறம் அவன் உருவத்தில் வரும் பேய்தான், "நான் உன் புருஷன் இல்லை" என்று உண்மையைச் சொல்லி, முடிவை அவளிடம் விடுகிறது. அவளிடம் சம்மதம் கேட்ட ஒரே ஆள் அதுதான்.

என் கணவரும் கல்யாணமான கையோடு குவைத்துக்குப் போனவர். விசாவுக்காக என் நகையை அடகு வைக்கப் போவதாகச் சொன்னார்கள், கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை போன் வரும். மாமனார், மாமியார், நாத்தனார் எல்லாரும் பேசி முடித்து ரிசீவர் என் கைக்கு வரும்போது கார்டில் காசு தீர்ந்திருக்கும். "சாப்பிட்டியா?" என்பதற்குள் கட்டாகிவிடும். அந்தக் கம்பெனி பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு லீவும் தராமல் இழுத்தடித்தது. இங்கே சொந்தக்காரர்கள் என்னைப் பார்த்து, "இன்னும் விசேஷம் இல்லையா?" என்பார்கள். ஆள் கடல் தாண்டி இருக்கும்போது என்ன விசேஷம் வரும்? இன்றைக்கும் ஃபாரின் மாப்பிள்ளை என்றால் ஓடிப்போய்ப் பெண் கொடுக்கிறார்கள், வயிறு எரிகிறது.

உடனே, கணவன் வெளியூரில் இருந்தால் மனைவி யாரோடும் போகலாமா என்று சண்டைக்கு வராதீர்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. என் கணவர் தங்கமானவர், இப்போது ஊரோடு வந்துவிட்டார்.

பண்பாடு பேசுகிறவர்களுக்கும் ஒன்று. இது மும்பையில் உட்கார்ந்து யோசித்த கதை இல்லை. ராஜஸ்தானில் வழிவழியாகச் சொல்லிவந்த கதை. ஜோத்பூர் பக்கம் போருந்தா கிராமத்து விஜய்தான் தேத்தா அதை 'துவிதா' என்று எழுதினார். மணி கௌல் 1973-லேயே படமாக்கினார். 2005-ல் அமோல் பாலேகர் எடுத்ததுதான் 'பஹேலி'. தேத்தாவின் கதையில், தினமும் பொற்காசு தருகிறேன் என்று பேய் சொன்னதும், பாதிவழியில் திரும்பிய 'மகனை' அப்பா மறுபேச்சில்லாமல் சேர்த்துக்கொள்கிறார். அவரை யாரும் துரோகி என்பதில்லை!

தேத்தாவின் முடிவில் ஆட்டிடையன் பேயைத் தோல்பையில் அடைத்துவிடுவான், அவள் பழையபடி அந்தக் கணக்குப்பிள்ளையோடு வாழ வேண்டும். படத்திலோ பேய் அந்தக் கணவன் உடம்புக்குள்ளேயே புகுந்து அவளிடம் வந்து சேர்கிறது. சினிமாத்தனம் என்று பலர் குறை சொல்கிறார்கள். தேத்தா எழுதியதுதான் நிஜத்தில் நடப்பது, மறுக்கவில்லை. ஆனாலும் எனக்குப் படத்தின் முடிவுதான் பிடிக்கும். லச்சி ஆசைப்பட்டது அவளுக்குக் கிடைக்கட்டுமே, அதில் யாருக்கு என்ன நஷ்டம்?